அத்திபெலே மண்

எங்கள் கம்பெனியில் கைரேகை வைத்து வருகை பதியும் இயந்திரத்தை மாட்டியபோது, அது எல்லாரையும் ஏற்றுக்கொண்டது, என்னைத் தவிர. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரலை வைத்தேன், மறுபடியும் சிவப்பு. "மேடம், கையை நல்லா தொடச்சிட்டு வைங்க" என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டிக்காரர். துடைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பல வருஷம் சலவைச் சோடாவில் புழங்கிய கை. ரேகை எப்போதோ தேய்ந்துவிட்டது. கையுறை உண்டு, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாயின் பஞ்சு மூடியைக் கழற்ற எனக்கு வராது. கடைசியில் எனக்கு மட்டும் பழையபடி கையெழுத்துதான் என்று முடிவானது.

ரேகை போனதோடு நிற்கவில்லை. விரல் நுனியில் உணர்ச்சியும் குறைந்துவிட்டது. காபி டம்ளரைப் பிடித்தால் சூடு கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். முன்பு ஒரு வருஷம் முழுக்க எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் சோடா இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சோப்புப் பொடியில் கலக்கும் நொதிகளை உண்டாக்கும் கம்பெனி அது. துணியில் பட்ட ரத்தக்கறை, பால்கறையையெல்லாம் தின்று தீர்க்கும் ஒரு பொருள் நொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், சோப்புத் தண்ணீர் கடுமையான காரம். சாதாரண நொதி அதில் விழுந்ததும் செயலற்றுப் போகும். ஆகவே சோடாவிலேயே பிறந்து வளர்ந்த பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, அதனிடமிருந்து நொதியை வாங்க வேண்டும். அப்படிப்பட்ட ஜீவன்கள் மண்ணில் இருக்கின்றன. உப்புப் பூத்த களர் நிலத்திலும், வற்றிய ஏரிக்கரையிலும், துணி துவைத்த தண்ணீர் தேங்கும் இடத்திலும் கிடைக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும், சோடாவில் போட்டால் செழிக்கும். சிலருக்குப் பிறந்த வீட்டைவிட மாமியார் வீடு ஒத்துக்கொள்ளும் என்பார்களே, அந்த ரகம். நானும் அந்த ரகம்தான். வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி பிரேசர் டவுனுக்கு வந்தவள். வந்த வீடு எனக்கு ஒத்துக்கொண்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அம்மா. என் கணவரும் பீன்யாவில்தான், வேறொரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பட்டாளப் பகுதியான கன்டோன்மென்டிலேயே பிறந்தவர் என்பதால் காய்கறிக்காரியிடம் கன்னடம், பழைய பேப்பர்காரரிடம் உருது, எங்களிடம் தமிழ் என்று மூச்சு விடாமல் மாற்றி மாற்றிப் பேசுவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை அத்தை ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததே எனக்குப் போதுமான மரியாதையாக இருந்தது.

மண் தேடி அலைந்த நாட்களில் என் கைப்பையில் எப்போதும் சுத்தமான பிளாஸ்டிக் உறைகள் இருக்கும். ஒருமுறை ஊருக்கு வெளியே அத்திபெலேயில் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஸ்கூட்டரில் போனோம். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தரிசு நிலம், மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். பட்டுப்புடவையோடு பள்ளத்தில் இறங்க வேண்டாம் என்று அவரே இறங்கினார். உறையைத் திறந்து மண்ணை அள்ளியவர், போகிற போக்கில் ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, துப்புங்க! என்ன பண்றீங்க?"

"உப்பு. வெறும் உப்பும்மா. தூக்கிப் போடு. இதுக்குப் போய் வண்டிய நிறுத்தின பாரு."

"கண்ட மண்ணை நாக்குல வெக்கறது என்ன பழக்கம்?"

"உங்க ஆபீஸ் மிஷினுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்ல? உப்பு."

அவர் சொன்னது தப்பு. அது உப்பில்லை, சோடா மண். வேலையிடத்தில் பால்பொடி கலந்த சோடாக் குழம்பில் அந்த மண்ணைக் கரைத்துத் தட்டில் பூசி வைத்தேன். சில நாளில் பாலின் வெள்ளை நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் முளைத்தன. ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் பால் தெளிந்து கண்ணாடியாகியிருந்தது. பால் தெளிந்தால், அந்த ஜீவன் பாலிலுள்ள புரதத்தைத் தின்கிறது என்று அர்த்தம். எங்கள் வேலையில் உயிருக்கு அடையாளம் அதுதான். மேனேஜர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் தலைகால் புரியாமல் ஆடினார். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பாக்டீரியா சோப்புக் கம்பெனிக்குப் போவுது" என்றார். "அதுக்கு என் பேரை வைம்மா" என்று என்னை நச்சரித்தார். பேரெல்லாம் வைக்க முடியாது, எண்தான் என்றேன். "உப்புன்னு தூக்கிப் போடச் சொன்னது யாரு?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த ஜீவனுக்கு ஒரு குறை இருந்தது. அதன் உறவுக்காரர்கள் பலரும், தின்னக் கிடைக்காவிட்டால் தடித்த ஓடு ஒன்றைப் போர்த்திக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்குவார்கள். இதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவ்வப்போது பழைய குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுச் சாப்பாட்டுக்கு மாற்ற வேண்டும், தவறினால் சாகும். அந்தச் சாப்பாட்டைச் செய்வதிலும் ஒரு பக்குவம் உண்டு. சோடாவையும் பாலையும் சேர்த்து வேகவைத்தால் பழுப்பேறிக் கெட்டுவிடும். தனித்தனியாக வேகவைத்து, ஆறவிட்டு, கடைசியில் கலக்க வேண்டும். வேலைக்குச் சேர்கிற எல்லாரும் ஒருமுறையாவது சேர்த்து வேகவைத்துப் பாழாக்குவார்கள். நானும் பாழாக்கியிருக்கிறேன்.

என் கணவர் இறந்த செய்தி வந்தபோது நான் சோடாவைப் பாலில் கலந்துகொண்டிருந்தேன். முதல் ஷிப்டில் மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மேனேஜர் என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். நான் "சரி சார்" என்றேன். கையிலிருந்ததை ஊற்றி முடித்தேன். பஞ்சை வைத்து மூடினேன். குடுவையை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினேன். அதன் பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்தக் கதை பிற்பாடு எங்கள் சொந்தத்தில் பரவியது. நான் கல் நெஞ்சுக்காரி என்பதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள். நான் அழவில்லை. பிணத்தை எடுத்தபோதும் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்தவர்கள் போல அத்தையிடம் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்மணி என் தோளைப் பிடித்து உலுக்கி, "வாய்விட்டு அழுடி, உள்ளே வெச்சுக்காதே" என்றாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே! காலையில் எழுந்தேன், காபி போட்டேன், குக்கர் வைத்தேன். சிவாஜிநகரில் ஒரு பஸ், மெஜஸ்டிக்கில் ஒரு பஸ் என்று மாறி வேலைக்குப் போனேன், வந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருத்தியின் வாழ்க்கை ஓடுகிறது, நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெளிநாட்டு நொதி நம்முடையதைவிட மலிவாக இறங்குகிறது, இனி வாங்கிக் கலந்து விற்றால் போதும், ஆராய்ச்சிப் பிரிவு வேண்டாம் என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். எங்களைத் தரப் பரிசோதனைக்கு மாற்றினார்கள். சேர்த்து வைத்திருந்த ஜீவன்களையெல்லாம் பெரிய நீராவிக் கொப்பரையில் வைத்துக் கொன்று கழுவிவிட வேண்டும். அது வழக்கமான வேலைதான். குழாய்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டே வந்தவள், அத்திபெலே மண்ணிலிருந்து எடுத்ததைத் தொட்டதும் நின்றேன்.

"சார், இதுல ரெண்டு குழாய் நான் வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா?"

"வீட்டுக்கா? எதுக்கும்மா?"

"சும்மாதான் சார். ஒண்ணும் பண்ணாது, சாதா மண்ணுல இருக்கறதுதானே."

என் கணவர் அதை வைத்துத் தம்பட்டம் அடித்தது மேனேஜருக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எடுத்துக்கோங்க" என்றார்.

என் கணவர் கைபட்ட பொருள்கள் வீட்டில் நிறைய இருந்தன. சட்டை, ஸ்கூட்டர், சவரக் கத்தி. அவற்றில் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான். அவர் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்த மண்ணிலிருந்து வந்தது. இது சாகக் கூடாது என்பதைத் தவிர அந்த வருஷத்தில் எனக்கு வேறு எந்த விருப்பமும் இருந்ததாக நினைவில்லை. அதையும் ஆசை என்று சொல்ல முடியாது. கையில் ஒரு வேலை இருந்தது, செய்தேன்.

வீட்டுக் குக்கரே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிண்ணத்தில் சோடாக் கரைசல், இன்னொரு கிண்ணத்தில் பால்பொடிக் கரைசல் என்று தனித்தனியாக வேகவைப்பேன். அடுப்புச் சுடரில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஆறியதும் ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குழாய்களுக்கு மாற்றுவேன். அடுப்பு மேடை ஓரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தால் பால் தெளிந்துவிடும். தெளிந்ததும் பிரிட்ஜில் வைப்பேன். புதியது தெளிந்த பிறகுதான் பழையதைக் கொதிக்கவைத்துக் கொட்டுவேன்.

அத்தை முதலில் முகம் சுளித்தார்.

"இன்னா கண்ணு இது, மோர்க்கொழம்பு பக்கத்துல? நாத்தம் வேற அடிக்குது."

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்க பையன் கொண்டாந்தது அத்தை. அத்திபெலே மண்ணுலேர்ந்து. இன்னும் உசிரோட இருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் பிரிட்ஜின் மேல்தட்டு முழுக்கக் காலி. அத்தை அதைத் துடைத்து, நடுவில் ஒரு சுத்தமான டவரா வைத்து, அதற்குள் இரண்டு குழாய்களையும் நிறுத்தியிருந்தார். அங்கிருந்த கருவாட்டுப் பொட்டலம் வீட்டைவிட்டே வெளியேறியிருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஏன் தனித்தனியாக வேகவைக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "ஆமாமா, புளிய ஊத்திட்டா பருப்பு வேகாதுல்ல, அது மாதிரி" என்று தலையாட்டினார். பால் தெளிந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்பதையும் கற்றுக்கொண்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தண்ணியாட்டம் ஆயிடுச்சு. பேஷா குடிச்சிருக்கான்" என்பார். 'குடிச்சிருக்கு' என்று ஆரம்பத்தில் ஒருமுறை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். படித்தவள் என்பதற்காக எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

முதல் வருஷத் திதி வந்தது. அத்தை விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தார். என் கணவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்து படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, சேமியா பாயசம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தயிர்சாதம். அவர் எந்த விருந்துக்குப் போனாலும் தயிர்சாதத்தில் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். "தயிருன்னா உசிரு அவனுக்கு" என்று அத்தை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாரோ.

படைத்தது போக, காக்காய்க்கு வைக்க வேண்டும். காக்காய் தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். இறந்தவர் காக்காய் உருவத்தில் வந்து சாப்பிடுவதாக நம்பிக்கை. எனக்கு நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. இலைத்துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அத்தைக்கு முழங்கால் வலி, படியேற முடியாது.

கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. சாலையை அகலமாக்குவதற்காக எங்கள் தெருமுனையிலிருந்த மரங்களை வெட்டியதிலிருந்தே காக்காய் வரத்து குறைந்திருந்தது. புறாக்கள் மட்டும் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தன. புறா தின்றால் கணக்கில் சேராது. அவற்றை விரட்டுவதும் கூப்பிடுவதுமாக வெயிலில் நின்றேன். கீழேயிருந்து அத்தை, "வந்துச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் இல்லை அத்தை" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அவனுக்கு இன்னா கோவமோ நம்ம மேல" என்றார் ஒருமுறை. அதற்குப் பிறகு கீழேயிருந்து சத்தம் வரவில்லை.

தலை சுற்ற ஆரம்பித்ததும், இனி வராது என்று இறங்கினேன். அத்தையைப் பட்டினியாக விடாமல் எப்படிச் சாப்பிடவைப்பது, காக்காய் வந்துவிட்டது என்று பொய் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தபடி உள்ளே வந்தால், அத்தை இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. அந்த வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"வா கண்ணு, உக்காரு. அவன் சாப்ட்டுட்டான்."

"யாரு அத்தை?"

அத்தை சாப்பாட்டுக் கையோடு பிரிட்ஜ் பக்கம் காட்டினார். திறந்தேன். டவராவில் இரண்டு குழாய்களும் நின்றன. பஞ்சு மூடிகளைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு துண்டு வாழையிலையில் ஒழுங்காக வைத்திருந்தார். இரண்டு குழாயிலும் வாய்வரைக்கும் தயிர்.

"பால் குடிக்கறவன் தயிர் சாப்ட மாட்டானா? சும்னே காக்காய்க்குக் காத்துக்கினு கெடக்கறோம், உசிரோட வூட்டுலயே இருக்கான். ஒண்ணு சாப்டறப்போ இன்னொண்ணு பாத்துக்கினு இருந்தா பாவமாச்சே, அதான் ரெண்டுலயும் வெச்சேன்."

தயிர் புளிப்பு. சோடாவில் வாழ்கிற ஜீவனுக்குப் புளிப்பு என்றால் விஷம். போதாக்குறைக்கு ஒரு கரண்டித் தயிரில் இருக்கிற கோடானுகோடி பாக்டீரியாக்களும் அந்தச் சின்னக் குழாயில் குடியேறிவிட்டன. தெளிந்திருந்த பாலில் தயிர் திரிதிரியாகக் கலந்திருந்தது. பழைய குழாய்களை முந்தின வாரமே கொட்டியிருந்தேன். கம்பெனியில் இருந்தவை கொப்பரையில் போய்விட்டன. அந்தத் தரிசு நிலத்தில் ஏதோ கிடங்கு கட்டிக்கொண்டிருந்ததை, திதிக்குச் சொல்ல அத்திபெலே போனபோது நானே பார்த்திருந்தேன். இது எல்லாம் ஒரே சமயத்தில் எனக்குத் தெரிந்தது. கதவை மூடினேன்.

இலைமுன் உட்கார்ந்தேன். அத்தை எனக்குப் பரிமாறினார். கடைசியில் தயிர்சாதம் வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினார். பிசைந்தபோது விரல் வெடிப்புகளில் புளிப்பு ஏறிச் சுரீரென்று எரிந்தது. கையை எடுக்கவில்லை. எரிய எரியப் பிசைந்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக. எச்சில் கையோடு இலைமேல் குனிந்து அழுதேன். அத்தை தன் இடதுகையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அழு கண்ணு. இன்னிக்காச்சும் அழு. வயிறார சாப்ட்டுட்டு அழு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையே பால்பொடி டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். நானும் வழக்கம்போலத் தனித்தனியாக வேகவைத்தேன். சோடாவை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினேன், தயிர்க் கூட்டம் செத்து, ஓரத்தில் ஏதாவது ஒன்று பிழைத்திருந்தால் எழுந்து வரட்டும் என்று. கம்பியைக் காய்ச்சி, புளித்த குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் புதுக் குழாய்களில் தோய்த்தேன். மேடை ஓரத்தில் வைத்தேன். நாட்கள் போயின. பால் வெள்ளையாகவே இருந்தது. அப்படியே பிரிட்ஜில் எடுத்து வைத்தேன்.

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, வெச்ச பால் அப்டியே இருக்குதே?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வயிறு நெறஞ்சிருக்கு அத்தை" என்றேன்.

அத்தை குழாயை டவராவில் நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.